கோவிவனுக்கு எடுத்த கல்

ஜவ்வாது மலையிற் பிறந்து சமவெளிக்கு இறங்கும் சேயாறு செங்கத்தை ஒட்டிச் செல்கிறது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரின் காலத்திலேயே நன்னன் சேய் நன்னனுடைய தேசமென்று பிரசித்தி பெற்றிருந்த இவ்வட்டாரத்தில், ஆநிரை கவரச் சென்றும், கவர்ந்த நிரையை மீட்கப் பொருதும் மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த நடுகற்கள் பல உள்ளன; அவற்றுள் என் சிந்தையை விட்டு அகலாதது எடத்தனூர்க் கல்.

காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாணர் குலத்தாரை அண்டிச் சேவகம் புரிந்த கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர் துறந்தான். அவனுருவைப் பொறித்த சிற்பி அவ்வளவில் உளியை வைத்துவிடவில்லை. வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கினான். கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. காஞ்சி வேந்தன், அவனுக்கு அடங்கிய வாணர், வாணரைச் சார்ந்த சேவகன் என்று படிப்படியாக இறங்கிவரும் அக்காலத்து அதிகாரக் கிரமம் முழுவதும் சில வரிகளில் அடங்கியிருக்க, எல்லோருக்கும் கீழே கிடந்த ஒரு பிராணிக்கும் பெயரும் உருவமும் அளிக்கத் துணிந்த அந்தக் கலைஞனின் நியாய புத்தியை நான் மிகப் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆச்சரியம் இன்னொன்றும் உண்டு. சித்திரகாரப்புலி என்று விருது பூண்ட அதே மகேந்திரன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில், மதுவில் மயங்கிய காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிக்ஷுவைத் திருடனென்று பழித்துத் தெருவில் நிறுத்துகிறான். கடைசியில், அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிகிறது. சமயவாதிகளின் போலி வேஷத்தைக் கலைக்க அரசகவிக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. எளியவரின் விசுவாசத்தை நிலைநாட்டக் கிராமத்துச் சிற்பிக்கும் ஒரு நாயே தேவைப்பட்டது. அரண்மனை நாய் திருடியது, எடத்தனூர் நாயோ திருடரைக் கடித்தது!

விளையாட்டுப் போலத் தோன்றும் கோடுகளில் சமூகத்தின் ஏற்றத்தாழ்வை எழுதும் இந்த மரபு நம் நாளில் அறுந்துபோய்விடவில்லை. கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம், மன்னர் மானியம் 1971இல் ஒழிந்த தேசத்திலே, கிரீடமும் ஆபரணமும் மிகுந்து ஆள் மெலிந்த ராஜாக்களைக் கறுப்பு மையில் வரைந்தார். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய கோட்டோவியங்களை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, அதிகாரம் எங்கே வெறுமையாகிறது, எங்கே நிறைகிறது என்பது விளக்கமின்றியே புலப்படும். ஆதிமூலம் முடியுடையோரை இறக்கினார். எடத்தனூர்ச் சிற்பி நாயை ஏற்றினான்.

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது 1972இல்தான். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில், எழுத்தைப் படிக்க இயலாதபோதும், வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு இத்தகைய கற்கள் பலவற்றைப் பெயர்த்தெறியாமல் காத்தவர்கள் இவ்வட்டாரத்துக் குடியானவர்களே.