தாமதமாக வரும் மருத்துவர்: தூக்குத் தண்டனையும் மனநல விசாரணையும்

2017 ஏப்ரலில் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரே வீட்டில் நால்வரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. தந்தை, தாய், மகள், உறவினரான ஒரு மூதாட்டி. கைதானவர் அந்த வீட்டின் மகன். உடலிலிருந்து ஆன்மாவைப் பிரிக்கும் பரிசோதனையில் ஈடுபட்டதாக அவர் சொன்னார் என்று காவல்துறை தெரிவித்ததும் நகரம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முற்றிய மனநோய் என்றார்கள் சிலர். தேர்ந்த நடிப்பு என்றார்கள் பலர். பேரூர்க்கடை மனநல மையத்தில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்பதால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நின்றது. ஒருவழியாக 2025 மே 13 அன்று செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனநோயைக் காரணம் காட்டிய எதிர்வாதம் எடுபடவில்லை. தூக்கும் விதிக்கப்படவில்லை.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது மேல்முறையீட்டுக்கு உரியது. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கொலை நடந்த நொடியில் குற்றவாளியின் மனம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் பிறர் நினைவை மட்டும் நம்பி விடை தேடுகிறது நம் நீதிமன்ற முறை. மனநல மருத்துவர் காலம் கடந்து வருகிறார். தூக்குத் தண்டனை சாத்தியமான வழக்கில் அந்தத் தாமதத்துக்கு உயிர்தான் விலை.

சட்டத்தின் அளவுகோலே பழையது. 1843-இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மெக்நாட்டன் விடுவிக்கப்பட்டதும் எழுந்த கொந்தளிப்பில், பிரபுக்கள் சபை கேட்ட கேள்விகளுக்கு நீதிபதிகள் தந்த விடைகளே விதிகளாயின. அவற்றின் சாரம் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. எண் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை. செய்த செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதபடி சித்தம் கலங்கியிருந்தால் மட்டுமே விலக்கு. காதில் கேட்கும் குரலின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, கத்தி வாங்கி, கதவைத் தாழிட்டுக் கொன்றவர் ‘அறிந்தே’ செய்தவராகிவிடுவார். அறிவு தெளிந்திருந்தும் மனக்கட்டுப்பாடு அற்றுப்போன நிலைக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. இங்கிலாந்து 1957-இலேயே குறைந்த பொறுப்பு என்ற இடைநிலையை ஏற்றுக் கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தது. இந்தியாவில் அந்த இடைப்படி இல்லை: ஒன்று முழு விடுவிப்பு, அல்லது முழுக் குற்றம்.

மருத்துவம் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் மனநோய் வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2011-இல் சுரேந்திர மிஸ்ரா வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். 1964-இல் தாயாபாய் தாக்கர் வழக்கில் நீதிபதி கே. சுப்பா ராவ் அந்தச் சுமையைச் சற்று இறக்கிவைத்தார். அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும் என்றார். ஆனால் அதைக் காட்டுவதற்கும் தாள் வேண்டுமே.

2002-இல் ஸ்ரீகாந்த் ஆனந்தராவ் போசலே வழக்கில் வென்றது அத்தகைய தாள்தான். மனைவியைக் கொன்ற மகாராஷ்டிரக் காவலர் அவர். கொலைக்கு முன்பே மனச்சிதைவு நோய்க்கு மருத்துவம் பார்த்ததற்குப் பதிவு இருந்தது. தந்தைக்கும் மனநோய் இருந்தது தெரிந்தது. 1994 ஏப்ரலில் கொலை; ஜூன் இறுதிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையில் சிறையிலிருந்து 25 முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். முன்னும் பின்னும் இருந்த சான்றுகளைக் கோத்துப் பார்த்து உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு வேலையும் மருத்துவச் சீட்டும் இருந்தவரின் கதை இது. மகனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாக, தர்கா தர்காவாக அழைத்துப் போன ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் எந்தப் பதிவைக் கொண்டுவந்து நீட்டும்? ‘ஊளம்பாறைக்குப் போனவன்’ என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, 1870 முதல் திருவனந்தபுரம் ஊளம்பாறையில் இயங்கும் அந்தப் பேரூர்க்கடை மனநல மருத்துவமனையின் படியையே மிதிக்காத வீடுகள் எத்தனையோ. நோயை மறைத்த வெட்கமே நீதிமன்றத்தில் நோய் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. இது ஏழைக்கு இழைக்கப்படும் அநீதி என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

மனநோய் என்று சொல்லித் தப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பரவலானது. தப்புவதற்கு அப்படி ஒன்றும் வாசல் திறந்திருக்கவில்லை. 84-ஆம் (இன்றைய 22-ஆம்) பிரிவின்படி விடுவிக்கப்பட்டவர் தானாக வீட்டுக்குப் போய்விடுவதில்லை; உறவினர் பொறுப்பேற்று நீதிமன்றம் ஒப்படைத்தாலன்றி, பாதுகாப்பான காவலுக்கோ மருத்துவமனைக்கோ போகிறார், எப்போது வெளியே வருவார் என்பதற்கு வரையறுத்த நாள் கிடையாது. விசாரணைக்கே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவரின் கதி இன்னும் மோசம். அசாமில் மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தேறிவிட்டார் என்று 1967-இலேயே மருத்துவமனை எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. விடுதலையானது 2005-இல். 54 ஆண்டுகள், ஒரு நாள்கூட விசாரணை நடக்காமல்.

தண்டனைக்கு முன்பு இத்தனை இறுக்கமாக இருக்கும் சட்டம், தூக்குக் கொட்டடிக்குப் போன பிறகு திடீரென்று இளகுகிறது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சௌகான் வழக்கில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனுக்கள் மீதான நெடுந்தாமதம் முதன்மைக் காரணம். இருவரைப் பொறுத்தவரை மனநோயும் காரணம். மனநோயாளியைத் தூக்கிலிடக் கூடாது என்பது அன்று சட்டமானது.  2019 ஏப்ரலில் நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு, பெயரை வெளியிடாமல் ‘எக்ஸ்’ என்றே குறித்த ஒரு கைதியின் தூக்கைக் குறைத்தது. ஏறக்குறைய 17 ஆண்டுகள் தூக்கை எதிர்நோக்கியிருந்தவர் அவர். தண்டனைக்குப் பிறகு வந்த கடும் மனநோயும் தூக்கைக் குறைக்கப் போதிய காரணம் என்றது அந்தத் தீர்ப்பு.

இரண்டும் மனிதத்தன்மையுள்ள தீர்ப்புகள், ஐயமில்லை. ஆனால் அவை ஒரு முரணை அம்பலப்படுத்துகின்றன. கொலை நாளன்று இருந்த நோய் பெரும்பாலும் ஒருவரைக் காப்பாற்றாது. கொட்டடியில் வந்த நோய் காப்பாற்றும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ‘புராஜெக்ட் 39ஏ’ குழு தூக்குத் தண்டனைக் கைதிகள் 88 பேரைச் சந்தித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஆராயப்பட்டவர்களில் 62 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததாகக் கண்டது. 11 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் குறைபாடு. மனநோயாவது கொட்டடியில் தொடங்கியிருக்கலாம். அறிவுத்திறன் குறைபாடு வளரும் பருவத்திலேயே இருப்பது. கைதான நாளிலும் இருந்தது, தீர்ப்பு நாளிலும் இருந்தது. விசாரணை முடியும் வரை யார் கண்ணிலும் அது படவில்லை என்றால், தூக்கு விதித்த நீதிமன்றம் தன் முன் நின்றவரை அறியாமலேயே விதித்தது என்றுதான் பொருள்.

மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 42 கிராமுக்குச் சற்று அதிகமான ஹெராயினுடன் 2009-இல் சிங்கப்பூரில் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் ஈவு 69 என்று அளவிடப்பட்டிருந்தது. அந்நாட்டுச் சட்டத்தில் குறைந்த பொறுப்புக்கு இடமிருந்தும் நீதிமன்றம் அவருக்கு அதைத் தரவில்லை. தூக்குக்கு நாள் குறித்த பிறகு, சுயேச்சையான மருத்துவர் ஒருவர் அவரைப் பார்க்கட்டும் என்று வழக்கறிஞர்கள் கேட்டதும் பலிக்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். சட்டப்பிரிவை விரிவாக்குவது மட்டும் போதாது என்பதற்கு இந்த மரணம் சான்று.

தூக்கே இல்லாமல் திருவனந்தபுரத்து மண் இருந்து பார்த்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் சித்திரைத் திருநாள் மன்னரின் ஆட்சியில், சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த 1944-இல், மரண தண்டனையை நீக்கியது. இந்தியாவோடு இணைந்த பிறகு அது திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945–1950 காலத்தில் அங்கே 962 கொலைகள். திரும்ப வந்த பின் 1950–1955 காலத்தில் 967. மரண தண்டனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பச்சன் சிங் வழக்கில் தனித்து நின்று மாறுபட்ட நீதிபதி பி.என். பகவதி இந்தக் கணக்கைத் தம் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். பத்தாண்டுக் கணக்கை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாதுதான். ஆனாலும் தூக்கு இல்லையென்றால் கொலைகள் பெருகிவிடும் என்பவர்கள் இந்த எண்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் பூஜப்புரை மத்தியச் சிறையில் 1979-க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை; கேரளத்தின் கடைசித் தூக்கு 1991-இல் கண்ணூரில். ஆனால் தூக்குத் தீர்ப்புகள் நிற்கவில்லை. காதலனுக்கு விஷம் கொடுத்துக் கொன்ற வழக்கில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணுக்கு 2025 ஜனவரியில் தூக்கு விதித்தபோது அதை வரவேற்றவர்கள் பலர்.

கொல்லப்பட்டவரின் வீட்டார் கேட்பது பழி மட்டுமல்ல; நடந்தது இன்னதென்று ஊரறியச் சொல்லும் தீர்ப்பையும்தான். எட்டு ஆண்டுகள் இழுபடும் விசாரணை அவர்களுக்கும் வதைதான். நடிப்பு என்ற ஐயத்துக்கும் விடை காலத்தில் இருக்கிறது. கைதான முதல் வாரத்திலிருந்து தொடர்ந்து கவனித்து எழுதிவைத்த குறிப்புக்கு முன்னால் நடிப்பு நெடுநாள் நிற்பது கடினம். ஐந்தாண்டு கழித்து நடக்கும் ஒரு மணி நேரப் பரிசோதனையில் நோயாளியும் தோற்கக்கூடும், நடிப்பவரும் வெல்லக்கூடும்.

மாற்றத்தின் தொடக்கம் தென்படாமலில்லை. தூக்கு விதிக்கும் முன் குற்றவாளியின் மனநல அறிக்கையை அரசே நீதிமன்றத்தில் வைக்க வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைப் பின்பற்றி 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஆற்றிங்கல் இரட்டைக் கொலை உள்ளிட்ட இரு வழக்குகளில் கைதிகளின் வாழ்க்கைப் பின்னணியையும் மனநிலையையும் ஆராய ஆணையிட்டது. ஆற்றிங்கல் கைதியின் தூக்கு 2024 மே மாதம், தண்டனைக் குறைப்பு இல்லாத 25 ஆண்டுச் சிறையானது. அந்தக் கொலை நடந்தது 2014-இல், தூக்கு விதிக்கப்பட்டது 2016-இல். ஆய்வாளர்கள் அந்தக் கைதியின் வாழ்க்கையை விசாரிக்கப் போனபோது ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

செஷன்ஸ் நீதிமன்றம் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒருவருக்குச் சித்தம் கலங்கியிருப்பதாக மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இன்றே சொல்கிறது. தோன்றாவிட்டால் யாரும் பார்ப்பதில்லை, மௌனமாக நிற்பவரின் நோய் யாருக்குத் தோன்றும்? கொலை வழக்கில் ரிமாண்டு செய்யப்படும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே அரசு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பின் படி எதிர்த்தரப்புக்கும் கிடைக்க வேண்டும். மருத்துவக் காவலில் வைக்கப்பட்டவரின் நிலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி நேரில் கேட்டறிய வேண்டும். திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. பூஜப்புரை சிறையும் பேரூர்க்கடை மருத்துவமனையும் ஒரே நகரில் இருக்கின்றன. கேரள அரசும் உயர் நீதிமன்றமும் கூடி இதை நடைமுறை விதியாக்கும் வரை இந்த மாவட்டத்தின் எந்த நீதிமன்றமும் தூக்கு விதிக்கக் கூடாது.