தகுதிச் சான்றும் நம்பகத்தன்மையும்: பிரித்தானிய மோட்டார் வண்டிப் பரிசோதனைப் பதிவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவன் ஓர் ஆவணத்தைக் கையிலெடுக்கும்போது, அது யாரால், எந்நோக்குடன் ஆக்கப்பட்டது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். ஒரு தேவைக்காக எழுதப்பட்ட ஆவணம் பிறிதொன்றுக்குச் சான்றாகக் கொள்ளப்படும்போது இவ்வினா மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் மட்டுமன்றி, அன்றாட வாழ்வின் சாதாரணப் பத்திரங்களுக்கும் இது பொருந்துவதாகும். பிரித்தானியாவில் பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்க முனைவோர், அதன் வருடாந்தப் பரிசோதனைப் பதிவுகளைக் கொண்டு அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடும் வழக்கம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டில் வண்டிகளைக் கட்டாயமாகப் பரிசோதிப்பதற்கான அதிகாரத்தை 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் வழங்கியது. ஏர்ணஸ்ட் மாப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1960 செப்டெம்பரில் இப்பரிசோதனை ஆரம்பமாயிற்று. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளின் பிறேக்குகள், விளக்குகள், சுக்கான் அமைப்பு ஆகியனவே அன்று நோக்கப்பட்டன. 1961 பெப்ரவரியில் இது கட்டாயமாக்கப்பட்டது. தேறாத வண்டிகளின் தொகை பெரிதாயிருந்தமையால், அவ்வாண்டின் இறுதியிலேயே வயதெல்லை ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967இல் அது மூன்றாயிற்று. 1968இல் ரயர்களும், 1977இல் கண்ணாடித் துடைப்பான், புகைபோக்கி, உடற்சட்டம் முதலியனவும், 1991இல் பெற்றோல் வண்டிகளின் புகையின் தன்மையும் பரிசோதனைக்குள் அடங்கின. போக்குவரத்து அமைச்சு என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களான ‘எம்.ஓ.ரி.’ என்பதே பரிசோதனைக்குப் பெயராய் நிலைத்தது. 1970இல் அவ்வமைச்சு வேறொரு திணைக்களத்துடன் இணைக்கப்பட்ட பின்னரும் மக்கள் அப்பெயரைக் கைவிடவில்லை.

இவ்வளர்ச்சியில் ஓர் உண்மை புலனாகும். வீதியிற் செல்வோரின் உயிரைக் காத்தலே அரசின் நோக்கமாயிருந்ததன்றி, வண்டியை வாங்குவோரின் பணத்தைக் காத்தல் அன்று. ஆயினும் வாங்குவோரின் தேவையும் சிறிதன்று. பழைய வண்டியின் குறையை விற்பவன் அறிவான், கொள்பவன் அறியான். இவ்வறிவு வேறுபாடு சந்தையையே சீர்குலைக்கவல்லது என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் எழுதிய கட்டுரையில் பழைய மோட்டார் வண்டிச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு விளக்கினார். புதிய வண்டியை வாங்க வசதியற்ற உழைப்பாளர் குடும்பமே பெரும்பாலும் இச்சந்தையை நாடுகின்றது. தவறான தெரிவொன்று அதன் பல்லாண்டுச் சேமிப்பை அழித்துவிடக்கூடும்.

கடதாசிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்ட காலத்தில், விற்பவன் காட்டியதையே கொள்பவன் காண முடிந்தது. முந்திய ஆண்டுகளின் சான்றிதழ்கள் ‘தவறிப்போதல்’ எளிதாயிருந்தது. 2005-2006 காலப்பகுதியில் பதிவுகள் கணனிமயமாக்கப்பட்டமை இந்நிலையை மாற்றியது. அதன் பின்னர், வண்டியின் இலக்கத்தை அறிந்த எவரும் அது தேறிய, தேறாத நாட்களையும், தேறாமைக்கான காரணங்களையும், ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்ட மைல் அளவையும் காணும் வாய்ப்புப் படிப்படியாக ஏற்பட்டது. முதலில் வெளியிட மறுக்கப்பட்ட, வண்டி வகைகளுக்கேற்ற தேறாமை வீதங்கள், பீ.பீ.சீ. நிறுவனம் தகவலறியும் சட்டத்தின் கீழ் விடுத்த கோரிக்கையால் 2010இல் வெளிவந்தன.

எனினும் இப்பதிவுகளை அப்படியே நம்பகத்தன்மையின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்துமா? முதலாவதாக, இயந்திரம், கிளச்சு, கியர்ப்பெட்டி ஆகியவற்றின் நிலையை இப்பரிசோதனை ஆராய்வதில்லை. பெருஞ்செலவு வைக்கும் உறுப்புக்கள் இவையே. இரண்டாவதாக, சான்றிதழ் ஒரு நாளின் நிலையை மட்டுமே கூறுகின்றது. மறுநாளுக்கு அது பொறுப்பேற்பதில்லை. மூன்றாவதாக, எரியாத விளக்கும் தேய்ந்த ரயரும் உடைமையாளனின் அசட்டையைக் காட்டுமேயன்றி, ஆக்கியோனின் குறையைக் காட்டா. ஆதலின் நெடுந்தூரம் ஓடும் வாடகை வண்டியையும் வீட்டோடு நிற்கும் வண்டியையும் ஒரே வீதத்தால் ஒப்பிடுதல் முறையாகாது. நான்காவதாக, முற்றாகப் பழுதுற்றுக் கழிக்கப்பட்ட வண்டிகள் பரிசோதனைக்கு வருவதேயில்லை. எஞ்சியவையே பதிவேட்டில் இடம்பெறுகின்றன. இறுதியாக, பரிசோதிக்கும் திருத்தகமே பழுதுபார்த்தும் வருவாய் பெறலாம் என்பதும் நோக்கற்பாலது. வட அயர்லாந்தில் அரச நிலையங்களே பரிசோதனையை நடத்துவதால், அங்கு இந்த நலமுரண்பாடு எழுவதில்லை.

இக்குறைகளால் பதிவுகள் பயனற்றவையாகிவிடா. தனிச் சான்றிதழ் ஊமையாயினும், தொடர்ச்சியான பதிவுகள் பேசவல்லன. ஓராண்டின் மைல் அளவு முந்திய ஆண்டினதிலும் குறைந்திருப்பின் மானி திருத்தப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. உடற்சட்டத்திற் துரு பற்றிய அறிவுறுத்தற் குறிப்பு ஆண்டுதோறும் தோன்றி ஈற்றில் தேறாமையில் முடியுமாயின், உடைமையாளனின் போக்கும் வண்டியின் வருங்காலமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. பதிவற்றுக் கிடந்த ஆண்டுகளும் விளக்கம் வேண்டி நிற்பனவே. மாறாக, குறிப்பிடப்பட்ட சிறு குறைகள் அடுத்த ஆண்டிற்கு முன் நீக்கப்பட்டிருப்பின், அவ்வண்டி கவனத்துடன் பேணப்பட்டது எனக் கருதலாம்.

ஆகவே, இப்பதிவுகள் வண்டியின் நம்பகத்தன்மையை நேரே உரைப்பனவல்ல. அது எவ்வாறு பேணப்பட்டது என்பதையே உரைக்கின்றன. ‘தேறியது’ என்ற ஒரு சொல்லில் நிறைவடைபவன் ஏமாறுவான். பல ஆண்டுப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவை கூறாதவற்றைத் தேர்ந்த திருத்துநரின் கண்கொண்டு நிரப்புபவனே தன் சேமிப்பைக் காத்துக்கொள்வான். ஆவணத்தை நம்புதலும் ஆவணத்தை வாசித்தலும் ஒன்றல்ல என்ற வரலாற்றியலின் முதற்பாடம் சந்தைத் தெருவிலும் மெய்யாகின்றது.