தேத்தண்ணிக்கு எவ்வளவு தண்ணி?

தேயிலை ஸ்டோர்களில் இப்போது ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்போம்’ என்று பலகை தொங்குகிறது. நல்ல விசயம்தான். ஆனா மலையகத்தில் தண்ணீரை மிச்சம் பிடித்துக் காசு பார்த்த கதை 150 வருசம் பழையது.

கோப்பிக் காலத்தில் ஓடை இல்லாமல் ஸ்டோர் நடக்காது. பழத்தோலை உரிக்க, தொட்டியில் ஊறப்போட, வழுவழுப்புப் போகக் கழுவ, எல்லாத்துக்கும் தண்ணி. 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுத்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலையில் கழுவல் வேலையே இல்லை. கொழுந்தில் முக்கால்வாசி தண்ணீர், அதை வெளியேற்றுவதுதான் ஸ்டோரின் வேலை. நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்.

கழுவலில் மிஞ்சிய ஓடை பல தோட்டங்களில் சக்கரத்தைச் சுற்றியது, பிறகு டர்பைனை. எஞ்சின் எண்ணெய்ச் செலவு மிச்சம். 1950இல் லக்சபான மின்நிலையம் திறந்தபின், மெல்ல மெல்லக் கம்பி வழியே கரண்ட் வர, பல டர்பைன்கள் துருப்பிடித்தன. கரண்ட் பில் ஏறியதும் சில தோட்டங்கள் அவற்றைத் திருத்தி ஓட்டின.

மெசினுக்குக் கால்வாய் வெட்டிய துரைமார், லயத்துக்கு விட்டது பெரும்பாலும் ஒரு பீலி. பத்துப் பன்னிரண்டு காம்பிராவுக்கு அது ஒன்றுதான். விடியுமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பிரட்டுக்கும் ஓட வேண்டும். குழாய்ச் செலவு மிஞ்சியது தோட்டத்துக்கு, தூக்கிய இடுப்பு எங்கள் அம்மாமாருடையது. இதை எந்தச் செக்ரோலிலும் எழுதவில்லை.

இன்னொரு தண்ணிக் கணக்கு தராசடியில் நடக்கிறது. மழை நாளில் நனைந்த கொழுந்து எடை கூடும், அது உண்மை. அதனால் ‘தண்ணிக்கு’ என்று சில கிலோ கழிப்பார்கள். வெயில் நாளில் பேர் மட்டும் மாறும்: சாக்குக்கு, முத்தல் இலைக்கு. ஈரத்தை யாரும் அளப்பதில்லை, நிறுக்கிறவரின் கண்ணளவுதான். கழித்ததில் நிறை குறைந்துவிட்டால், நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைப்பேர். ஸ்டோர் குழாயில் மிச்சமாகும் தண்ணீருக்கு மீட்டர் இருக்கலாம். கூடையில் இருந்து கழியும் தண்ணீருக்கு இல்லை.

எங்கள் அம்மாமார் கேட்பது பெரிய விசயமில்லை. எத்தனை கிலோ, எதுக்காகக் கழித்தீர்கள் என்று அன்றைய நிறைத் துண்டிலேயே எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்.