பழங்குடி ஊடகங்களுக்கான தொலைநிலைப் பயிற்சிப் பணி

பழங்குடி மக்களின் உரிமைகளுக்காகவும், அவர்களே நடத்தும் வானொலி, காணொளி, இதழ்களுக்காகவும் இயங்கும் அமைப்புகளில், அலுவலகத்துக்குப் போகாமல் இணையம் வழியே குறிப்பிட்ட காலம் வேலை பார்த்துப் பழகும் ஏற்பாடு. பேச்சு வழக்கில் ஆன்லைன் இன்டர்ன்ஷிப். கல்லூரி மாணவர்களும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் இதில் மிகுதியாகச் சேர்கிறார்கள். காலம் பெரும்பாலும் ஒரு கல்விப் பருவத்தை ஒட்டியே அமைகிறது. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே இணையவழித் தன்னார்வப் பணியைத் தொடங்கிவிட்டது. 2020 கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, நேரில் வருவோரை மட்டும் எடுத்துவந்த அமைப்புகளும் இந்த வழிக்கு வந்தன.

இத்துறையில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் ஆவணம், பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம். 2007 செப்டம்பர் 13 அன்று பொதுச்சபையில் இந்தியா உட்பட 144 நாடுகள் அதை ஆதரித்தன. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் எதிர்த்து வாக்களித்துப் பின்னாளில் மனம் மாறின. தம் மொழியில் சொந்த ஊடகங்களை நிறுவிக்கொள்ளவும், பிற ஊடகங்களைப் பாகுபாடின்றிப் பயன்படுத்தவும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 16ஆவது பிரிவு. பிரகடனம் என்பதால் அது தானாக எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதை நாட்டுக்கு நாடு உயிர்ப்பிக்க மனு, அறிக்கை, மொழிபெயர்ப்பு என்று ஏராளமான எழுத்து வேலை தேவைப்படுகிறது. தொலைநிலைப் பயிற்சியாளர்களுக்கு வேலை பிறப்பது இங்கேதான்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1972இல் தொடங்கப்பட்ட கல்ச்சுரல் சர்வைவல், இத்துறையின் மூத்த அமைப்புகளுள் ஒன்று. நிறுவியவர்களில் முதன்மையானவர்கள் ஹார்வர்டு மானிடவியலாளர் டேவிட் மேபரி-லூயிஸும் அவர் மனைவி பியாவும். சிந்து மாகாணத்து ஹைதராபாதில் 1929இல் பிறந்த டேவிட், 1950களில் நடு பிரேசிலில் ஷெரென்டே, ஷவாந்தே மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். வளர்ச்சியின் பெயரால் அத்தகைய மக்களின் நிலமும் வாழ்வும் பறிபோவதைக் கண்டு எழுந்த முயற்சி இது. மானிடவியலாளர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு, காலப்போக்கில் பழங்குடியினரின் தலைமைக்குக் கீழ் வந்தது. 2019இல் செயல் இயக்குநரான கலினா அங்காரோவா சைபீரியாவின் புரியாத் இனத்தவர். ஒரு காலாண்டிதழ், ஐ.நா. அவைகளுக்கான அறிக்கைகள், பல மொழிகளில் வானொலி நிகழ்ச்சிகள் ஆகியவை இதன் வழக்கமான வேலைகள்.

குவாத்தமாலா வானொலி வழக்கு

தொலைவில் இருப்பவர்களின் உழைப்பு எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு குவாத்தமாலாவைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பழங்குடியினர். மாயன் மொழிகள் மட்டும் 22. முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே, 1995 மார்ச்சில் கையெழுத்தான உடன்பாட்டில், பழங்குடியினரின் ஒலிபரப்புக்கு அலைவரிசை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டமோ அலைவரிசைகளை ஏலத்துக்கு விட்டது. யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே உரிமம். மலைக்கிராமத்து மக்காச்சோள விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிலையம் பெரிய வணிக நிறுவனங்களோடு ஏலத்தில் போட்டியிட வேண்டும் என்பதே இதன் பொருள். நாட்டில் உரிமம் பெற்றிருந்த 424 பண்பலை நிலையங்கள், 90 மத்திய அலை நிலையங்களில் பழங்குடிச் சமூகத்துக்கானது ஒன்றே ஒன்று என்று பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கில் எடுத்துவைக்கப்பட்டது.

இந்தியாவில் அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதும், 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி தொடங்கியதும், 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்க முடிந்ததும் இங்கே ஒப்பிடத் தக்கவை. நம் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இயலாது என்ற கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் ஏலம் இல்லை.

உரிமம் இல்லாமலே குவாத்தமாலாவின் நிலையங்கள் ஒலிபரப்பின. சும்பாங்கோ ஊரின் ‘இக்ஷெல்’ கக்சிகெல் மொழியிலும், சான் மிகேல் சிகாஜின் ‘உக்குல் தினமித்’ அச்சி மொழியிலும், எல் எஸ்தோரின் ‘ஷ்யாப் சூல்தகா’ கெக்சி மொழியிலும், தோதோஸ் சாந்தோஸ் குச்சுமதானின் நிலையம் மாம் மொழியிலும் பேசின. சும்பாங்கோ வானொலிக்கு 2006இல் காவல்துறை வந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. உக்குல் தினமித்துக்கும் அதே கதிதான். ஒலிபரப்பியவர்கள் மீது சுமத்திய குற்றம் திருட்டு. களவுபோனதாகச் சொல்லப்பட்ட பொருள் அலைவரிசை.

சமூக ஊடகங்களுக்கான 4087ஆம் எண் மசோதா 2009இல் நாடாளுமன்றத்துக்கு வந்து அப்படியே கிடந்தது. 2012இல் குவாத்தமாலாவின் சொப்ரெவிவென்சியா கல்த்துரால் சங்கமும், பாஸ்டன் நகர சஃபோக் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் பழங்குடி உரிமைகளுக்கான சட்ட உதவி மையமும் இடை-அமெரிக்க மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தன. அந்த மையத்தில் வேலை செய்பவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் இயங்கும் மாணவர்கள். ஆணையம் 2020இல் வழக்கை இடை-அமெரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கொரோனா காலம் என்பதால் 2021 ஜூனில் விசாரணையும் காணொளி வழியாகவே நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6 தேதியிட்டு, டிசம்பரில் வெளியான தீர்ப்பு, குவாத்தமாலா அரசு கருத்துரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையையும் மீறியது என்றது. பழங்குடிச் சமூக வானொலிகளைச் சட்டத்தில் அங்கீகரிக்க வேண்டும், அலைக்கற்றையில் ஒரு பகுதியை அவற்றுக்கென ஒதுக்க வேண்டும், ஒலிபரப்பாளர்களுக்கு அளித்த தண்டனைகளை நீக்க வேண்டும் என்பன அதன் ஆணைகளுள் முக்கியமானவை.

மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். எந்த மாணவரும் படிப்புக் காலத்துக்குள் இதைத் தொடங்கி முடித்திருக்க முடியாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் பிடித்துக்கொள்ளும்படி கோப்புகளையும் ஒப்படைப்புக் குறிப்புகளையும் வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் பயிற்சியாளர்களால் லாபம். அப்படி வைத்திராத இடங்களில், ஒவ்வொரு பருவமும் புதியவருக்குப் பாடம் எடுப்பதிலேயே நிரந்தர ஊழியரின் நேரம் போய்விடுகிறது.

வேலையின் தன்மை

பணிகளில் ஒரு பகுதி, வானொலிக்காகக் கேட்டு எழுதுவது. கிராமத்திலிருந்து கைபேசியில் பதிந்த பேட்டி வரும். சேவல் கூவும், தகரக் கூரையில் மழை அடிக்கும். பயிற்சியாளர் அதை வரிவரியாகத் தட்டச்சு செய்து நிமிடமும் வினாடியும் குறிக்கிறார். புரியாத சொல்லை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு நேரத்தை மட்டும் எழுத வேண்டும். ஆற்றின் பெயர், ஆளின் பெயர் போன்றவற்றை வாட்ஸ்அப்பில் ஊருக்கே திருப்பிக் கேட்கிறார்கள். எதிர்த்திசையில், சில நிமிட நிகழ்ச்சிக்கான பிரதி ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகிறது. அங்கிருந்து உள்ளூர் மொழிக்குக் கொண்டுபோவது அந்நிலையத்து ஒலிபரப்பாளரின் வேலை. வெளியிலிருப்பவரால் அது ஆகாது.

மற்றொரு பகுதி அறிக்கை. ஐ.நா. மனித உரிமை மன்றம் 193 உறுப்பு நாடுகளின் நிலைமையையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து ஆராய்கிறது. அப்போது அரசின் அறிக்கைக்கு இணையாக அமைப்புகளும் தம் அறிக்கையைத் தரலாம். தனி அமைப்புக்கு 2,815 சொற்கள், கூட்டறிக்கைக்கு 5,630 சொற்கள் என்பது வரம்பு. முந்தைய சுற்றில் அரசு எதற்கு ஒப்புக்கொண்டது, எதை நிறைவேற்றவில்லை என்று தேடி, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று சேர்த்து, இந்த வரம்புக்குள் அடக்குவது சலிப்பூட்டும் வேலை. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியும் வேறில்லை.

நேர வித்தியாசம் சில்லறைத் தொல்லை. குவாத்தமாலா கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பாஸ்டன் மாற்றுகிறது. சென்னையிலிருந்து சேர்பவருக்குக் குவாத்தமாலாவின் காலை 8 மணி என்பது இரவு 7.30.

ஊதியமும் பாதுகாப்பும்

இப்பணிகளில் பல ஊதியமில்லாதவை. கல்லூரி மதிப்பெண்ணாகக் கணக்கில் சேரலாம் என்பதே கைமாறு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும். நல்ல இணைய இணைப்பும் மடிக்கணினியும் சம்பளமில்லா மூன்று மாதமும், யாருடைய உரிமைக்காக வேலை நடக்கிறதோ அந்த ஊர் இளைஞருக்கே எட்டாதவை. இந்தக் குறை நியாயமானது. கல்ச்சுரல் சர்வைவல் 2018 முதல் நடத்தும் பழங்குடி இளைஞர் நல்கைத் திட்டம் இதற்கு ஓரளவு விடை: பணம் இளைஞர்களின் கைக்குப் போகிறது, வேலை அவர்கள் ஊரிலேயே நடக்கிறது.

பாதுகாப்பு இன்னும் கனமான விஷயம். எல் எஸ்தோரில் நிக்கல் சுரங்கத்துக்கு எதிராக மக்கள் திரண்டதை அடுத்து, 2021 அக்டோபர் 24 அன்று அரசு அங்கே முற்றுகை நிலையை அறிவித்தது. அந்நாட்களில் ஷ்யாப் சூல்தகா வானொலியும் சோதனைக்கு உள்ளானது. வானொலி வழக்கின் தீர்ப்பில் தேதியிட்டு அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. இத்தகைய ஊரிலிருந்து வரும் பேட்டிக் கோப்பு, எங்கோ ஒரு விடுதி அறையில் பலர் புழங்கும் மடிக்கணினியில் கிடப்பது ஆபத்து. ஆகவே கவனமுள்ள அமைப்புகள், பேசியவரின் ஒப்புதல் எந்தப் பயன்பாட்டுக்குப் பெறப்பட்டது என்பதைக் கோப்போடு சேர்த்தே வைக்கின்றன. பெயரையும் இடத்தையும் நீக்கிய பிறகே பயிற்சியாளருக்கு அனுப்புகின்றன. பணிக்காலம் முடியும் அன்றே அவருடைய கடவுச்சொல்லை முடக்கிவிடுகின்றன.