எண்ணெய்க் கம்பனியும் பெண்களும்: வெளிப்படைத்தன்மையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பெருங் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளிற் பெண்கள் இடம்பெறின், அக்கம்பனிகள் சுற்றாடல் தொடர்பான தகவல்களைக் கூடுதலாக வெளியிடும் என்னும் கருத்து அண்மைக்கால முகாமைத்துவ ஆய்வுகளிற் பரவலாகக் காணப்படுகின்றது. ஒரு சபையில் மூன்று பெண்களேனும் இருந்தாற்றான் அவர்தம் குரல் பயனுடையதாகும் என 2006இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் எண்களுக்கிடையிலான தொடர்பைக் காட்டுவனவேயன்றி, அத்தொடர்பு தோன்றிய வகையை விளக்குவனவல்ல. பெண்கள் உள்ளே வந்தமையால் உண்மை வெளியே வந்ததா, அன்றி உண்மையைக் கோரிய சமூக அழுத்தமே பெண்களையும் உள்ளே கொணர்ந்ததா? இவ்வினாவுக்கு விடைகாண, ஒரே கம்பனி மரபைத் தொடர்ந்து நோக்குதல் பயனுடையது. ஸ்ரான்டர்ட் ஒயில் என்னும் ஏகபோகத்திலிருந்து இன்றைய எக்ஸோன்மோபில் வரையுள்ள வரலாறு அத்தகையதொன்றாகும்.

1

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபோது, ஐடா ரார்பெல் இரண்டு வயது நிரம்பாத குழந்தை. அவர் தந்தையார் எண்ணெய் சேமிக்கும் மரத்தாங்கிகளைச் செய்து, பின்னர் சிறு உற்பத்தியாளராக விளங்கியவர். 1872இல் புகையிரதக் கம்பனிகளும் றொக்பெல்லர் உள்ளிட்ட சில சுத்திகரிப்பாளரும் இரகசிய உடன்படிக்கையொன்றைச் செய்தனர். அதன்படி அச்சுத்திகரிப்பாளருக்குக் கட்டணக் கழிவு கிடைக்கும். அதற்கு மேலாக, போட்டியாளர் தமது எண்ணெயை அனுப்பச் செலுத்தும் கட்டணத்திலும் ஒரு பங்கு அவர்களைச் சேரும். எண்ணெய்ப் பிரதேச மக்களின் கிளர்ச்சியால் அத்திட்டம் கைவிடப்பட்டதாயினும், அதனால் விளைந்த அச்சத்தைப் பயன்படுத்தி றொக்பெல்லர் தம் போட்டியாளரை விழுங்கிக்கொண்டார்.

முப்பது ஆண்டுகளின் பின், 1902 முதல் 1904 வரை, மக்ளூர்ஸ் சஞ்சிகையில் ரார்பெல் எழுதிய தொடர் இக்கம்பனியின் வரலாற்றை நீதிமன்றப் பதிவுகள், விசாரணைக்குழுச் சாட்சியங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு அம்பலப்படுத்தியது. 1911இல் உயர் நீதிமன்றம் ஸ்ரான்டர்ட் ஒயிலை 34 கம்பனிகளாகப் பிரித்தமைக்கு ஏற்ற பொதுசன அபிப்பிராயத்தை உருவாக்கியதில் அத்தொடருக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் அவர் கோரிய வெளிப்படைத்தன்மையின் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. அது சிறு உற்பத்தியாளனின் வர்க்க நிலையிலிருந்து எழுந்த கோரிக்கை. கட்டணமும் போட்டியும் பற்றியது. எண்ணெய் அகழ்வு நிலத்தை எவ்வாறு சீரழித்தது என்பதை அவர் நேரிற் கண்டவர். 1939இல் வெளிவந்த தன்வரலாற்றிற் பதிவும் செய்துள்ளார். எனினும் அது குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை. பிரிக்கப்பட்ட கம்பனிகளின் பங்குகள் விலையேற, றொக்பெல்லர் முன்னிலும் செல்வந்தரானார். இன்னொன்றும் கவனித்தற்குரியது: பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்ற இயக்கத்தை ரார்பெல் ஆதரிக்கவில்லை. ஏகபோகத்தின் இரகசியத்தைத் திறந்தவர் பெண் என்பது உண்மையே. ஆயின் அவர் நின்ற சமூகத் தளமே அவருக்கு அப்பார்வையை அளித்தது.

2

1933, 1934ஆம் ஆண்டுகளின் பிணையங்கள் சட்டங்கள் வெளிப்படைத்தன்மையைச் சட்டக் கடமையாக்கின. எனினும் அக்கடமை முதலீட்டாளனை நோக்கியது. தொழிலாளியையும் அயலில் வாழ்வோரையும் நோக்கியதன்று. 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டதன் பின்னரே, 1986இல் சமூகத்தின் அறியும் உரிமையை ஏற்கும் சட்டமொன்று அமெரிக்காவில் நிறைவேறியது. நச்சுப்பொருள் வெளியீடுகளை ஆண்டுதோறும் அறிவிக்குமாறு தொழிற்சாலைகளை அது பணித்தது. எண்ணெய்க் கிணறுகள் அப்பட்டியலுக்குப் புறத்தே விடப்பட்டன. யாருக்கு அறிவிப்பது, எதை அறிவிப்பது என்பன வர்க்கப் பலத்தால் நிர்ணயிக்கப்படுவன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

3

பிரிக்கப்பட்டவற்றுள் நியூ ஜேர்சிக் கம்பனி 1972இல் எக்ஸோன் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1999இல் மோபில் என்னும் மற்றொரு வழித்தோன்றலுடன் இணைந்தது. காபனீரொட்சைட்டின் பெருக்கம் புவியை வெப்பமாக்கும் என்பதை 1977இலேயே அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளக் நிருவாகத்துக்கு எடுத்துரைத்தார். பின்வந்த ஆண்டுகளில் அக்கம்பனி மக்களுக்குக் கூறியதோ வேறு. ஜெவ்றி சுப்ரான், நயோமி ஓறெஸ்கெஸ் ஆகியோர் 187 ஆவணங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, உள் ஆவணங்களுள் ஏறத்தாழ 80 வீதமானவை மனிதரால் விளையும் காலநிலை மாற்றத்தை ஏற்றன. பத்திரிகைகளிற் கம்பனி பணங்கொடுத்து வெளியிட்ட கருத்துரைகளுள் 81 வீதமானவை அதிற் சந்தேகம் கிளப்பின. ரார்பெலின் காலத்தில் இரகசியம் கட்டணப் பட்டியலில் இருந்தது. இப்போது அது அறிவியலையே சார்ந்ததாயிற்று.

இம்மறைப்பை எதிர்த்து உண்மையைக் கோரியோருள்ளும் பெண்கள் முன்னணியில் நின்றனர். நியூ ஜேர்சியின் டொமினிக்கன் சபைக் கன்னியாஸ்திரி பற்றீசியா டேலி, தம் சபைக்கு இருந்த சிறு பங்குடைமையைக் கருவியாகக் கொண்டு பங்குதாரர் கூட்டங்களிற் பல்லாண்டுகள் காலநிலைப் பிரேரணைகளை முன்வைத்தார். 2008இல் றொக்பெல்லரின் கொள்ளுப்பேர்த்தியும் பொருளியலாளருமான நீவா குட்வின், புவி வெப்பமாதல் வறிய நாடுகளைப் பாதிக்குமாற்றைக் கம்பனி ஆராய வேண்டுமெனக் கோரித் தோல்வியுற்றார். இவர்களுள் எவரும் பணிப்பாளர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவரல்லர்.

4

சபையினுள் வந்த பெண்களை நோக்குவோம். வளிமண்டல விஞ்ஞானியான சூசன் ஏவரி 2017 பெப்ரவரியிற் பணிப்பாளரானார். அவ்வாண்டு மே மாதத்தில், காலநிலைக் கொள்கைகள் கம்பனியைப் பாதிக்குமாற்றை ஆண்டுதோறும் வெளியிடக் கோரும் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. அதனை நிராகரிக்குமாறு பணிப்பாளர் சபை பரிந்துரைத்தது. முந்திய ஆண்டில் 38 வீத ஆதரவே பெற்ற பிரேரணை, இம்முறை 62 வீத வாக்குகளால் நிறைவேறியது. அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கை, கம்பனியின் எண்ணெய் இருப்புகளுக்கு ஆபத்து மிகச் சொற்பமே எனச் சாதித்தது.

2021இல் 0.02 வீதப் பங்குகளையே கொண்ட முதலீட்டு நிறுவனமொன்று, பெரும் நிதி நிறுவனங்களின் ஆதரவோடு மூவரைச் சபைக்குத் தெரிவுசெய்வித்தது. அவர்களுள் ஒருவர், பின்லாந்தின் புதுப்பிக்கத்தக்க எரிபொருட் துறையில் அனுபவம் வாய்ந்த கைசா ஹியெத்தாலா. அம்முயற்சியின் முதன்மையான வாதம் நீண்டகால இலாபம் பற்றியதாகும். அவர் சபையில் இருந்த காலத்திலேயே, 2024 சனவரியில், புகை வெளியேற்றத்தை விரைந்து குறைக்கக் கோரிய சிறு பங்குதாரர் அமைப்புகள் இரண்டின்மீது கம்பனி வழக்குத் தொடர்ந்தது. அவற்றுளொன்று நடாஷா லாம் என்னும் பெண்மணியின் தலைமையிலமைந்தது. பிரேரணை மீளப்பெறப்பட்ட பின்னரும் வழக்கு நீடித்தது. மீண்டும் அதனைக் கொணர்வதில்லையென வாக்குறுதி அளிக்கப்பட்டதன் பின்னரே முடிவுற்றது. சபைக்குள்ளும் ஒரு பெண், வழக்கின் எதிர்த்தரப்பிலும் ஒரு பெண். அவர்களைப் பிரித்தது பால் அன்று. மூலதனத்தோடு அவர்களுக்கிருந்த உறவே.

5

இதனாற் பெண்கள் தலைமைக்கு வருதல் பயனற்றதென்று கொள்ளுதல் தவறாகும். அது அவர்தம் சனநாயக உரிமை. வேறு நியாயம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. பெண் வந்தாற் கம்பனி தூய்மையாகும் என்னும் வாதமே உண்மையில் அவ்வுரிமையைச் சிறுமைப்படுத்துகின்றது. வீட்டைத் துப்புரவாக்குதல் பெண்ணின் கடன் என்ற பழைய கருத்தியலை அது பணிப்பாளர் சபைக்குள் கொண்டு செல்கின்றது. ஆண் பணிப்பாளர் எவரிடமும் இத்தகைய அறப்பிணை கேட்கப்பட்டதில்லை.

பெண்கள் யாவரும் ஒரே நலனுடையோரல்லர், உடைமை வர்க்கப் பெண்ணும் உழைக்கும் பெண்ணும் வெவ்வேறு உலகங்களில் நிற்பவர் என அலெக்ஸாந்திரா கொலந்தாய் 1909இலேயே வலியுறுத்தினார். எண்ணெய்க் கம்பனியின் வரலாறு அதனை மெய்ப்பிக்கின்றது. பணிப்பாளர், ஆணாயினும் பெண்ணாயினும், சட்டப்படி கம்பனிக்கும் பங்குதாரருக்குமே கடப்பாடுடையவர். அந்தச் சட்ட உறவு மாறாதவிடத்து ஆசனத்தில் இருப்பவர் மாறுவதால் மட்டும் ஆவணப் பெட்டகம் திறவாது.

2024 மார்ச்சில் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு காலநிலைத் தகவல் வெளியீட்டுக்கான விதிகளை நிறைவேற்றியது. ஓராண்டின் பின், 2025 மார்ச்சில், நீதிமன்றத்தில் அவ்விதிகளுக்காக வாதாடுவதை அதுவே கைவிட்டது. மேலிருந்து தரப்படும் வெளிப்படைத்தன்மை மேலிருந்தே பறிக்கப்படும். புகையைச் சுவாசிப்போரும் நிலத்தை இழப்போரும் அறியும் உரிமையைத் தமதாக்கிக் கொள்ளும்போதே அது நிலைபெறும். அப்போராட்டத்திற் பெண்கள் என்றும் முன்னின்றே வந்துள்ளனர் என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.