தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை

வெயிலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் இரண்டு நேரெதிர் விடைகளைத் தந்திருக்கின்றன. முதல் விடை, வெயிலில் நில் என்பது. ஓகுஸ்த் ரோலியே என்ற மருத்துவர் 1903இல் சுவிட்சர்லாந்தின் லேசான் மலைக்கிராமத்தில் எலும்புக் காசநோயாளிகளுக்குச் சூரிய ஒளிச் சிகிச்சையைத் தொடங்கினார். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். 1910இல் ரோலியே அருகிலேயே ஒரு வெயில் பள்ளியைத் திறந்தார். நோஞ்சான் பிள்ளைகள் மடக்கு மேசைகளைச் சுமந்து சென்று மலைச்சரிவில் பாடம் படித்தார்கள். இடையில் ஒரு துணி, தலையில் ஒரு தொப்பி, அவ்வளவுதான் உடை. வெயிலை மருந்தென்று நம்பியவரும் தலையை மூடச் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வடக்கு ஐரோப்பியரின் வெளிர்தோலைக் கொண்டுவந்து கடும் புற ஊதாக் கதிர்களின் கீழே குடியேற்றிய நாடு அது. அங்கே 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒருவகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 1981இல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய் எதிர்ப்புக் கழகம், சிட் என்ற கடற்பறவையைத் தொலைக்காட்சியில் ஆடிப்பாட விட்டது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைக் கவிழ் என்ற மூன்று கட்டளைகளும் 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்' என்று மூன்று ஓசைகளாயின. (தமிழ் எழுத்தில் பின்னிரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஆங்கிலக் காதுக்கு அவை வேறு.) 1988இல் இப்பணி 'சன்ஸ்மார்ட்' இயக்கமாக விரிந்தது. புகையிலை வரிப் பணம் அதற்கு உதவியது. ஒரு புற்றுநோயின் வருமானம் இன்னொன்றைத் தடுக்கப் போயிற்று.

ஆனால் பாட்டால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. நாற்பது வயதில் வரக்கூடிய நோயைச் சொல்லி ஏழு வயதுப் பிள்ளையை அச்சுறுத்த முடியுமா? இந்த இயக்கத்தினரின் கூர்மை இங்கேதான் தெரிகிறது. புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும் நண்பகலில்தான் பள்ளி இடைவேளையும் வருகிறது. எனவே அவர்கள் புற்றுநோயை விட்டுவிட்டு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். தொப்பி அணியாதவன் மைதானத்துக்குப் போக முடியாது. நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை அந்த வயதில் ஏது? காதும் கழுத்தும் வெளியே தெரியும் கிரிக்கெட் தொப்பியும் செல்லாது, அகன்ற விளிம்பு வேண்டும். 1998இல் இத்திட்டம் நாடெங்கும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. இன்று நாற்பது வயதுக்குட்பட்ட ஆஸ்திரேலியர்களிடம் மெலனோமா குறைந்து வருகிறது. அதில் பள்ளியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். ஆயினும் குறைந்திருப்பது தொப்பியோடு வளர்ந்த தலைமுறையிடம்.

ஒரே விதி எல்லாத் தோலுக்கும் பொருந்துமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. மெல்பர்னிலும் சிட்னியிலும் குடியேறிய ஈழத்தமிழரின், தமிழகத்தாரின் பிள்ளைகளும் அதே தொப்பியைத்தான் அணிகிறார்கள். கருந்தோலில் மெலனோமா அரிது. ஆனால் வெயில் போதாவிட்டால் வைட்டமின் டி குறைபாடு எளிதில் வரும். ரோலியேயின் பழைய வெயில் வேறு வழியாகத் திரும்பி வருகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. இப்போது நாள்காட்டியோடு புற ஊதாக் குறியீட்டையும் பார்க்கிறார்கள்: 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, கீழே என்றால் வேண்டாம். விக்டோரியாவில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை தொப்பிக் காலம். மே பிறந்ததும் தொப்பிகள் ஆணிக்குப் போகின்றன. பிள்ளைகள் வெறுந்தலையோடு மைதானத்துக்கு ஓடுகிறார்கள்.