விடைத்தாள் எங்கிருந்து வந்தது? – கோடைக்கானல் சூரியப் படங்கள்

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் பின்னாளில் 4096 × 4096 பிக்சல் படங்களாயின. 1921–2011 காலத்துப் படங்களில் சூரியப் புள்ளிகளின் பரப்பை ஓரளவு தானியங்கி முறையில் அளந்த முடிவுகள் 2017-இல் வெளிவந்தன.

சரி, நிரல் 'இது புள்ளி' என்றால் நம்பிவிடலாமா? தகட்டில் விழுந்த தூசியும் கீறலும்கூடப் புள்ளி மாதிரிதானே தெரியும்! அதனால் கிரீன்விச் ஆய்வகத்தார் 1874 முதல் 1976 வரை அளந்து வைத்த கணக்கோடு ஒப்பிட்டார்கள்.

நம்ம தொழிலில் இதன் நெருங்கிய உறவுதான் அக்செப்டன்ஸ் டெஸ்ட். அஜைல் முறையில் வரவேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் நிரல் எழுதுவோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இயந்திரமே சரிபார்க்கும்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். கிரீன்விச்சில் மேகம் மூடிய நாட்களை நிரப்ப கேப், மொரிஷியஸ், கோடைக்கானல் படங்களையும் வாங்கி அளந்திருக்கிறார்கள். அதாவது விடைத்தாளில் ஒரு பங்கு இதே மலையிலிருந்து போனது!

இரு தரப்பும் ஒரே தகட்டை அளந்த நாளில் கணக்கு இடித்தால், சிக்கல் அளவீட்டில். வேறு வேறு படங்கள் என்றால் படமெடுத்த நேரம், படத்தின் தரம் எல்லாமே காரணமாகலாம்.

டெஸ்ட் சிவப்பானதும் நிரலைத் திருத்த ஓடுகிறோம், பச்சையானதும் மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் முன்னால் விடைத்தாளின் பூர்வீகத்தைக் கேட்டுவிடுவது நல்லது.